மாமன் மகளும் நான்கில் ஒன்றும்

கண்டி மஹய்யாவையில் ஒரு வீட்டில் கலியாணப் பேச்சு எழும்போது குறிப்பு பார்ப்பதற்கு முன்போ பின்போ இன்னொரு கேள்வியும் எழும்: “சொந்தத்தில கட்டினா பிள்ளைக்கு வருத்தம் வருமாமே, உண்மையா?” கேட்பவருக்கு ஆம் அல்லது இல்லை என்ற பதில் வேண்டும். டொக்டரோ “கூடியவரை தவிர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். எந்த வருத்தம், அது குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்ததா, கட்டப்போகிறவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்ற மூன்றையும் கேட்காமல் சொல்லும் எந்தப் பதிலும் ஊகம்தான். கேட்டுவிட்டால் பெரும்பாலும் ஓர் எண்ணையே கையில் கொடுக்க முடியும். அந்த எண் எப்படி வருகிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எங்கே கைவிடுகிறது என்பதைத் தலசீமியா என்ற ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு இங்கே பார்க்கலாம். இலங்கையில் பரம்பரை நோய்களில் அதிகம் ஆராயப்பட்டது அதுதான்.

முதலில் ஊரைப் பற்றி. கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மஹய்யாவையைக் கடந்துதான் செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்ததும் இந்த வடக்குத் திசையிலிருந்துதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கண்டி மாநகர சபையின் சுத்திகரிப்புப் பணிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் மஹய்யாவையில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வந்த கூட்டம் சிறியது. பெண் கொடுத்து எடுக்கும் வட்டம் அதைவிடச் சிறியது. மாமன் மகள், அத்தை மகன் என்ற உரிமை இங்கே இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. இந்த உரிமை தமிழருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. கண்டிச் சிங்களக் கிராமத்து உறவுமுறையை ஆராய்ந்து 1967 இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் நூர் யல்மான், அங்கும் மாமன் மகள், அத்தை மகள்தான் முறைப்பெண் என்று காட்டினார்.

தலசீமியா என்பது செங்குழியத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபினைக் கட்டும் பரம்பரையலகில் வரும் பழுது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்கான அலகு ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு. ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வந்தது. ஒன்று மட்டும் பழுதானால் ஆள் நலமாகவே இருப்பார். இரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். இவரைத்தான் காவி என்கிறோம். இரண்டுமே பழுதான பிள்ளைக்கு முதல் ஓரிரு வயதுக்குள் சோகை முற்றிவிடும். அதன் பிறகு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுவதும். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்பிடம் வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் போய்த் தங்கும். அதை இறக்குவதற்கு, வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சிறிய பம்ப் வைத்து, கிழமையில் ஐந்தாறு இரவுகள் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் மருந்து செலுத்த வேண்டியிருந்தது. இப்போது வாயால் எடுக்கும் மருந்தும் உண்டு. இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் இவ்வளவும் இலவசம். ஆனால் மாதாமாதம் சம்பளம் வெட்டுப்பட்டு ஒரு தாய் பஸ் ஏறுவதை எந்த இலவச மருத்துவமும் ஈடுசெய்வதில்லை. மஹய்யாவையைத் தாண்டிக் கட்டுகஸ்தோட்டையில் பிரியும் வீதியில் கலகெதர ஊடாகப் போனால் குருநாகல் வரும். தேசிய தலசீமியா மையம் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பழுது இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் மலேரியா. காவியின் செங்குழியம் மலேரியாக் கிருமிக்கு வசதியான வீடில்லை என்ற கருத்தை ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949 இல் முன்வைத்தார். மலேரியா கொன்று குவித்த தாழ்நிலங்களில் காவிகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. அந்தக் காலத்துக் காப்பு மட்டும் வேலை இழந்து இரத்தத்தில் நிற்கிறது.

2000 ஆம் ஆண்டில் ஷாந்திமாலா டி சில்வா, ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் வெதரால் முதலியோர் வெளியிட்ட ஆய்வுதான் இலங்கையின் முதல் பெரிய கணக்கெடுப்பு. நாட்டில் சராசரியாக நூற்றுக்கு 2.2 பேர் பீற்றாத் தலசீமியாக் காவிகள். நூற்றுக்கு அரைப் பேர் ஈமோகுளோபின் ஈ என்ற இன்னொரு மாற்றத்தைச் சுமப்பவர்கள். விகாரங்கள் பதினான்கு வகை கிடைத்தாலும் இரண்டே வகைதான் பெரும்பான்மை. அவற்றில் முதலாவது, தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதிலும் அதிகம் காணப்படும் அதே விகாரம். மரபணுவைப் பொறுத்தவரை மஹய்யாவைத் தமிழரும் அடுத்த வீட்டுச் சிங்களவரும் சுமக்கக்கூடியது ஒரே எழுத்துப் பிழையைத்தான்.

இனிக் கணக்கு. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரைப் போலவே காவியாக இருக்க நான்கில் இரண்டு. பழுதில்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866 இல் அச்சிட்ட விகிதமே இது. இந்த நான்கில் ஒன்றை ஆட்கள் விளங்கிக்கொள்ளும் விதத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, ஆகவே அடுத்த மூன்றுக்கும் பயமில்லை என்று நினைத்து இரண்டாவதைப் பெறுகிறார்கள். சுண்டிய காசுக்கு முன்பு எந்தப் பக்கம் விழுந்தோம் என்ற ஞாபகம் இல்லை. ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றுதான். மூன்று பிள்ளைகள் பெறும் அப்படிப்பட்ட தம்பதியரில், ஒரு பிள்ளைக்கும் வராமல் தப்புபவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற 58 பேருக்கு ஒரு பிள்ளையாவது நோயோடு பிறக்கும்.

காவிகளா என்று தெரியாத தம்பதியருக்கு என்ன சொல்வது? சொந்தமில்லாத, குடும்பத்தில் நோய் இல்லாத இருவர் கட்டினால், இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு 2.2 சதவீதத்தை 2.2 சதவீதத்தால் பெருக்கினால் வருவது. அதில் நான்கில் ஒன்று எடுத்தால் ஏறத்தாழ 8,300 இல் 1. இந்த எண் வெறும் காகித எண்ணா என்று சோதிக்கவும் வழியுண்டு. இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்த காலத்தில், இந்தக் கணக்குப்படி நாற்பதைச் சற்றுத் தாண்டிய பிள்ளைகள் பீற்றாத் தலசீமியாவோடு பிறக்க வேண்டும். பீற்றாவும் ஈயும் சேர்ந்து வரும் வகைக்கு இன்னும் இருபது வரை கூட்டலாம். 2019 இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஆண்டுக்கு 45 முதல் 55 பிறப்புகளைக் கண்டது. ஒரு சராசரியிலிருந்து பெருக்கி எடுத்த கணக்கு இவ்வளவு கிட்ட வருவது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்து, அதே பின்னணியில் மாமன் மகளைக் கட்டுகிறவர். குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை. இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுது இரு வழியாக வந்து சேர இடமிருப்பதால் வாய்ப்பு கூடுகிறது: ஏறத்தாழ 1,250 இல் 1. ஆறேழு மடங்கு கூடியிருக்கிறது. என்றாலும் 1,249 பேருக்கு ஒன்றும் வராது.

மூன்றாமவர், தலசீமியா உள்ள ஒரு பிள்ளையின் நலமான அக்கா. அவர் நோயாளி இல்லை என்று தெரிந்துவிட்டதால் மீதி மூன்று வாய்ப்புகளில் இரண்டு அவரைக் காவியாக்குகின்றன. அவர் சொந்தமே இல்லாத ஒருவரைக் கட்டினால் மூன்றில் இரண்டு, 2.2 சதவீதம், நான்கில் ஒன்று மூன்றையும் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 273 இல் 1. அவரே தன் மாமன் மகனைக் கட்டினால்? அம்மா காவி என்பது உறுதி. ஆகவே மாமா காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. மூன்றில் இரண்டு, நான்கில் ஒன்று, நான்கில் ஒன்று: 24 இல் 1.

இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊரில் கேட்கும் கேள்வி இடம் மாறிவிடுகிறது. நோய் இல்லாத குடும்பத்தில் சொந்தத்தில் கட்டுவதைவிட, நோயுள்ள வீட்டிலிருந்து அந்நியத்தில் கட்டுவது நான்கு மடங்குக்கு மேல் ஆபத்து. சொந்தமா இல்லையா என்பதைவிட, குடும்ப மரத்தில் நோயாளி எங்கே நிற்கிறார் என்பதுதான் கணக்கை ஆட்டிவைக்கிறது. 24 இல் 1 என்ற அந்தப் பயங்கர எண்ணும் ஒரே ஓர் இரத்தச் சோதனையில் நொறுங்கிவிடும். அக்காவோ மச்சானோ, இருவரில் ஒருவர் காவி இல்லை என்று தெரிந்துவிட்டால் இந்த நோயைப் பொறுத்தவரை கலியாணத்துக்குத் தடையில்லை.

உறவுக் கலியாணத்தைப் பற்றிய அறிவியல் பேச்சு ஆரம்பத்திலிருந்தே சொந்தத்தையும் குடும்பத்து நோயையும் குழப்பித்தான் வந்திருக்கிறது. 1902 இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரோட், சிறுநீர் கறுக்கும் அல்காப்டோனூரியா என்ற அரிய நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சகோதரர் முறையினர் என்பதைக் கவனித்தார். மனிதரில் பின்னிடைவான, அதாவது இரண்டு அலகும் பழுதானால் மட்டும் வரும், பரம்பரை நோய்க்கு முதல் சான்று அதுவே. அவர் கண்டது மெய். ஆனால் அரிய நோயைப் பார்த்து அதன் பெற்றோரைத் தேடினால் உறவுக் கலியாணம் அதிகம் தெரியும். உறவுக் கலியாணத்தைப் பார்த்து அதன் பிள்ளைகளைத் தேடினால் பெரும்பாலும் நலமான பிள்ளைகளே தெரிவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். எஸ். ராவும் எஸ். ஜி. இன்பராஜும் 1970களில் தமிழ்நாட்டில், குறிப்பாக வட ஆற்காட்டில், ஆயிரக்கணக்கான பிறப்புகளை ஆராய்ந்து, பிள்ளைகளின் வளர்ச்சியிலும் ஊனத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். பல நூறு ஆண்டுகளாக உறவில் கட்டியதால் கொடிய பழுதுகள் பிள்ளையாகவே இறந்து கழிந்துபோயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். புதுச்சேரியில் பிற்பாடு நடந்தது போன்ற ஆஸ்பத்திரி சார்ந்த ஆய்வுகள் இதற்கு மாறாக ஊனங்கள் கூடுதலாக இருக்கக் கண்டன. பல ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்த ஆலன் பிட்டில்ஸ் முதலியோர், ஒன்றுவிட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 முதல் 2.8 சதவீதப் புள்ளி வரை கூடுதல் என்று மதிப்பிட்டார்கள். பூச்சியமும் இல்லை, ஊர் பயப்படும் அளவும் இல்லை.

நம் முறைகள் போடும் கோட்டை மரபணு மதிப்பதில்லை. பெரியப்பா மகள் தங்கை. மாமன் மகள் பெண்டாட்டி. உடல் நிறமூர்த்தங்களின் கணக்கில் இருவரோடும் ஒருவர் பகிர்வது எட்டில் ஒரு பங்கு, துளி வித்தியாசமில்லை. எக்ஸ் நிறமூர்த்தத்தில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. ஆணின் எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், அப்பாவின் தங்கை மகளைக் கட்டுகிறவரின் எக்ஸ் அந்தச் சொந்தத்தோடு சம்பந்தப்படாது. அம்மாவின் தம்பி மகளைக் கட்டுகிறவருடையது சம்பந்தப்படும். அக்கா மகளைக் கட்டுவதில் பங்கு நான்கில் ஒன்றாக இரட்டிக்கிறது. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் வழக்கம் இருந்தால் அதை அனுமதிக்கிறது. இலங்கையின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமோ சகோதரியின் மகளைக் கட்டுவதைச் செல்லாது என்கிறது. ஒரே வழக்கத்தோடு கடல் கடந்தவர்களுக்குக் கரைக்கு ஒரு சட்டம்.

சொந்தத்தைத் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு அடி 2017 இல் விழுந்தது. ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு தெற்காசியாவின் 263 சமூகப் பிரிவுகளை ஆராய்ந்தது. அவற்றில் 81 பிரிவுகள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரரையும் அஷ்கெனாசி யூதரையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. காரணம் மாமன் மகள் இல்லை. பல நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே கட்டியது. ஆந்திரத்து வைசியரில் சிலருக்கு, சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடம்பில் கரையாமல் நின்றுவிடுவது இதற்குப் பழைய உதாரணம். சொந்தத்துக்கு வெளியே, ஆனால் சாதிக்கு உள்ளே என்று மாப்பிள்ளை தேடுகிறவர் அந்நியத்தில் தேடுவதாக நினைத்துக்கொள்கிறார்.

சோதனையிலும் பொறிகள் உண்டு. காவியின் செங்குழியம் சிறியதாக, வெளிறியதாக இருக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அது தெரியும். ஆனால் இரும்புச் சத்துக் குறைந்தாலும் குழியம் அப்படித்தான் சிறுக்கும். மலைநாட்டுப் பெண்களில் இரும்புக் குறைபாடு சகஜம். ஆகவே காவியான ஒரு பெண்ணுக்கு வருடக்கணக்காக இரும்பு மாத்திரை கொடுத்து, “இரத்தம் ஏறவே மாட்டேங்குது” என்று அவரையே குறைசொல்லும் நிலை வரும். பிரித்தறிய ஈமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று அளக்க வேண்டும், 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காவி. கடும் இரும்புக் குறைபாடு இந்த அளவையும் சற்றே கீழிறக்கிக் காட்டும் என்பதால், எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இன்னொரு குழப்பம் இரத்த வகை. “எங்க ரெண்டு பேருக்கும் ஓ பொசிடிவ், பிரச்சினை இல்லைதானே?” என்பார்கள். ஏ, பி, ஓ வகைக்கும் தலசீமியாவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இதுவரை சொன்ன துல்லியத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. யாருக்கு வரும் என்பதைக் கணக்கு சொல்லும். வந்தால் எவ்வளவு வாட்டும் என்பதைச் சொல்லத் தடுமாறும். அனுஜ பிரேமவர்தனவும் வெதராலும் மற்றவர்களும் ஈமோகுளோபின் ஈ பீற்றாத் தலசீமியா உள்ள 109 இலங்கை நோயாளிகளை ஆராய்ந்து 2005 இல் எழுதினார்கள். ஏறத்தாழ ஒரே மரபணு நிலையோடு ஒருவர் மாதாமாதம் இரத்தத்துக்கு வருகிறார், இன்னொருவர் இரத்தமே ஏற்றாமல் வளர்ந்து வேலைக்குப் போகிறார். கூடவே வந்த அல்பாத் தலசீமியா போன்ற வேறு அலகுகள் நோயைத் தணிக்கலாம். அவை எல்லாம் சேர்ந்தும் முழு வித்தியாசத்தையும் விளக்கவில்லை. நான்கில் ஒன்று என்று ஒரு தம்பதிக்குச் சொல்லும்போது, எந்த வாழ்க்கையில் நான்கில் ஒன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஈயும் பீற்றாவும் சேர்ந்த இந்த வகையில் அது முடிவதில்லை.

மற்ற பரம்பரை வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹண்டிங்டன் போன்ற ஆட்சியான நோய்களில் ஒரு பழுதே போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு இரண்டில் ஒன்று. ஹீமோபீலியா எக்ஸ் வழி வருவது; காவித் தாயின் மகன்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பு. டவுன் நிலை பெரும்பாலும் பரம்பரையாக வருவதே இல்லை. ஊரில் ‘பரம்பரை வருத்தம்’ என்று அதிகம் அழைக்கப்படுவது சீனி வருத்தம். அதன் பின்னால் நூற்றுக்கணக்கான அலகுகளும் சோறும் நடையும் இருக்கின்றன. மெண்டலின் விகிதம் அங்கே எடுபடாது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் பிறப்பு குறைந்ததா? சைப்பிரஸில் குறைந்தது. அங்குக் கிரேக்க மரபுவழித் திருச்சபை 1983 முதல் திருமணத்துக்குத் தலசீமியாச் சோதனைச் சான்றிதழ் கேட்டது. நோயோடு பிறப்பவர் தொகை பூச்சியத்துக்கு அருகில் வந்தது. இரண்டு பக்கமும் காவி என்று தெரிந்தும் பெரும்பாலான சோடிகள் பிரியவில்லை. கட்டிக்கொண்டு, கர்ப்பத்திலேயே சோதித்து முடிவெடுத்தார்கள். ஈரான் 1997 இல் திருமணத்துக்கு முன் சோதனையைக் கட்டாயமாக்கியது. பின்னர் கருக்கலைப்புக்கும் சட்ட வழி திறந்தது. நியூயோர்க்கில் டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ரபி ஜோசப் எக்ஸ்டைன் 1983 இல் தொடங்கிய டோர் யெஷோரிம் என்ற அமைப்பு வேறு வழி எடுத்தது. இளைஞர்களுக்குச் சோதனை முடிவைச் சொல்வதில்லை, இலக்கம் மட்டும் கொடுப்பார்கள். பேச்சு வரும்போது இரு இலக்கங்களையும் சொன்னால் பொருந்துமா இல்லையா என்று மட்டும் பதில் வரும். பேசிக் கட்டிவைக்கும் சமூகத்துக்குத் தைத்த சட்டை. கண்டிக்கும் அளவு சரியாகத்தான் இருக்கும்.

இலங்கையில் ‘பாதுகாப்பான திருமணம்’ என்ற பெயரில், காவியும் காவியும் கட்டாதிருக்கச் சொல்லும் பிரசாரம் நடக்கிறது. மேலே சொன்ன 2019 ஆம் ஆண்டு ஆய்வு 23 மையங்களில் 1,774 நோயாளிகளைக் கண்டது. பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறப்பு குறைந்ததற்குப் போதிய அடையாளம் இல்லை என்றது. காரணம் தேடத் தூரம் போக வேண்டாம். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. சைப்பிரஸ் சோடிகள் கட்டிக்கொண்ட பிறகும் வைத்திருந்த வழி இங்கே சட்டப்படி அடைபட்டது. ஆகவே முழுப் பாரமும் கலியாணத்துக்கு முன்னால் வந்து விழுகிறது. நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகு கையில் வரும் சோதனை முடிவை யார் கேட்பார்கள்? கேட்டாலும் பெயர் கெடுவது பெண்ணுக்குத்தான். காவி என்ற சொல் வெளியே கசிந்தால் தங்கைக்கும் வரன் தட்டிப்போகும். மாப்பிள்ளையும் அதே காவியாக இருந்தார் என்பதை ஊர் சீக்கிரம் மறந்துவிடும்.

எல்லோரையும் சோதிப்பது நல்லதுதான், ஆனால் நூறு பேரைக் குத்தினால் இரண்டு பேர் அகப்படும் வேலை அது. எங்கே தொடங்குவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. சுஹைப் அகமதுவும் மற்றவர்களும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஈமோகுளோபின் நோயாளி ஒருவர் இருக்கும் பத்துப் பெரிய குடும்பங்களின் உறவினர்களைச் சோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் காவியாக இருந்தார். நோயாளி இல்லாத குடும்பங்களில் காவிகள் கிடைக்கவில்லை. உறவில் கட்டும் வழக்கம் பழுதை ஊர் முழுக்க இறைக்காமல் சில குடும்பங்களுக்குள் திரட்டி வைத்திருந்தது. எந்த வழக்கத்தைப் பிரச்சினை என்று ஐம்பது வருடமாகக் கண்டித்தோமோ, அதுவே காவிகளைத் தேடப் பாதை காட்டுகிறது. மஹய்யாவை போன்ற இடத்தில் யார் யாருக்கு என்ன முறை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மாமன் மகளைக் கட்டாதே என்ற அறிவுரையை அங்கே யாரும் காதில் வாங்குவதில்லை. நோயுள்ள பிள்ளையின் அக்கா தங்கை, மாமா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு முப்பது பேரைக் கலியாணப் பேச்சு எழும் முன்பே, ஓ/எல் படிக்கும் வயதில், சோதிப்பது நடக்கக்கூடிய காரியம்.

அதற்குக் குறுக்கே நிற்கும் கஷ்டம் கணக்கில் இல்லை. பிள்ளைக்குத் தலசீமியா என்பதை மாமா வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கும் பெற்றோர் உண்டு. அந்த இரகசியம் அவர்களுடையது. ஆஸ்பத்திரி மாமாவுக்குத் தொலைபேசி எடுக்க முடியாது. பல நாட்டு மரபணு ஆலோசனைக் கிளினிக்குகள் பெற்றோர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கின்றன. நோயாளியின் பெயர் இல்லாமல், “உங்கள் குடும்பத்தில் இந்த இரத்த மாற்றம் இருக்கலாம், இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லும் கடிதம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, இரத்தம் ஏறி முடியும்வரை வார்டில் காத்திருக்கும் தாயின் கையில் கொடுக்கலாம். கொடுக்கும்போது, மாமா வீட்டில் இதைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று அவரோடு உட்கார்ந்து பேசவும் ஒரு தாதிக்கு அரை மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.